மெயினில் கை வைத்து நின்றேன்

போன வாரம் நீங்கள் அனுப்பிய எட்டுப் பக்கக் குறிப்பைப் படித்தேன். நம் புதிய துணி வெட்டு மென்பொருளுக்கு வாங்குபவர்களே தங்கள் விதியை எழுதிக்கொள்ள எந்த ஸ்க்ரிப்ட் மொழியைச் சேர்க்கலாம் என்று ஆறு பேர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எந்த மொழி எத்தனை பேருக்குத் தெரியும், எதில் தயார் நிரல்கள் அதிகம், எது வேகம், எது படிக்க அழகு, எல்லாம் இருக்கிறது. அட்டவணைகூட நிறம் நிறமாகப் போட்டிருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு மாட்டுங்காவில் வீட்டோடு கிடப்பவளிடம் அபிப்பிராயம் வேறு கேட்டிருக்கிறீர்கள்.

சொல்கிறேன். எட்டுப் பக்கத்திலும் இருந்தே ஆகவேண்டிய ஒரு கேள்வி இல்லை. அதே கேள்வியை நானும் ஒருமுறை விட்டவள்தான். அதனால் உங்களைத் திட்ட எனக்கு அருகதை கிடையாது. ஆனாலும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அப்போது நம்மிடம் இருந்தது தோல் வெட்டும் மென்பொருள். பதனிட்ட தோலை மேசையில் விரித்தால், பையின் துண்டுகளையும் பெல்ட்டின் துண்டுகளையும் அதன்மேல் எப்படி அடுக்கினால் குறைவாக வீணாகும் என்று அது கணக்குப் போடும். பிறகு மேசைக்கு மேலே இருக்கும் கத்திக்குக் கட்டளை அனுப்பும். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் துணி மாதிரி அல்ல தோல். ஒரு தோல் போல இன்னொன்று இருக்காது. ஒரு பட்டறைக்காரர் முதுகுப் பக்கத்தில் மட்டும் பெல்ட் எடுக்க வேண்டும் என்பார், அடுத்தவர் தழும்பு உள் மடிப்பில் போனால் பரவாயில்லை என்பார். வாரத்துக்கு ஒரு மாற்றம் கேட்டுச் செம்பூர் ஆபீசுக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் இருந்ததோ ஐந்து பேர். அவரவர் விதியை அவரவரே எழுதிக்கொள்ளட்டும், உள்ளே ஒரு ஸ்க்ரிப்ட் மொழியை வைத்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

எந்த மொழி என்பதில் உங்களைப் போலவே எங்களுக்கும் அடிதடி. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள் என்பதால் பெரிய மொழி, சின்ன மொழி என்றே சொல்கிறேன். பெரியதில் உலகமே எழுதியது. அதில் எல்லாம் உண்டு. சின்னது ஒரு கைப்பிடிதான். கொடுத்ததைச் செய்யும், மற்றபடி எதுவும் தெரியாது. எனக்குப் பெரியதன் மேல் காதல். வேறு சொல் இல்லை அதற்கு. பதினைந்து வருடம் அதில் எழுதியவள். கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் அதன் அருமை பெருமைகளைப் பேசினேன்.

கடைசியில், மெஷின் பிரிவில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். அம்பர்நாத்திலிருந்து தினமும் ரயிலில் வருபவர். கூட்டங்களில் வாயே திறக்கமாட்டார். தன் பெயர் எங்கும் வருவது அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கும் விட்டுவிடுகிறேன்.

"மேடம், அவங்க எழுதுறது உள்ள மாட்டிக்கிச்சுன்னா, நாம வெளிய இருந்து அத நிறுத்த முடியுமா?"

"ஸ்க்ரீன்ல நிறுத்துன்னு பட்டன் இருக்கே. அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க டென்ஷன் ஆகாதீங்கோ" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது, கேட்கும்போதெல்லாம் கூசுகிறது.

பெரிய மொழியே உள்ளே போனது. கூடவே நான் ஒரு படமும் போட்டேன். பட்டறைகளில் பலருக்கு இந்தி பேச வரும், தமிழ் பேச வரும், எதையும் சரளமாகப் படிக்க வராது. அதனால் எழுத்துக்குப் பதில் திரையில் ஒரு கை. கத்தி ஓடும்போது சிவப்புக் கை, கத்தி நிற்கும்போது பச்சைக் கை. பச்சை என்றால் கையை உள்ளே விட்டுத் தோலை நீவிச் சரிசெய்யலாம். ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை.

முதல் சோதனைக்குத் தாராவியில் ஒரு பட்டறைக்குப் போனோம். ஒரே அறை. அங்கே அதைக் காலா என்பார்கள். கணவன் மனைவி இருவரும் நடத்தியது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கணவர் சுடலை தோலைப் பார்ப்பவர். இடது கை ஆட்காட்டி விரலால் ஒரு தடவு தடவினால் போதும், எங்கே மெலிசு, எங்கே தழும்பு, எங்கே ஈ கடித்த வடு என்று சொல்லிவிடுவார். நாங்கள் கேமரா வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் சாக்கட்டியால் வட்டம் போட்டு முடித்திருப்பார். மனைவி இசக்கி லேப்டாப்பைப் பார்ப்பவள். கணக்குத் தாளில் சூத்திரம் போடத் தானாகவே கற்றுக்கொண்டவள். நான் இரண்டு மதியம் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் அவளே ஏழு வரி எழுதிவிட்டாள். பெரிய துண்டு ஒன்றை எடுத்துக்கொள், தோலில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார், தழும்பு படாத இடம் கிடைத்ததும் வெட்டு. அவ்வளவுதான். எங்கள் ஆபீசிலேயே இவ்வளவு சுத்தமாக எழுத இரண்டு பேருக்குத்தான் வரும்.

வெட்டு மேசை பழையது, யாரோ பயன்படுத்தி விற்றது. பக்கத் தடுப்பை எந்தக் காலத்தில் யார் கழற்றினார்களோ. அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மேசையின் பின்பக்கம் இருந்தது. இடமில்லாததால் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். பொத்தானைத் தொட வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டும். இதை நான் பார்த்தேன். பார்த்தும் அது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது மெஷினாக இருந்தாலும், பழைய மெஷினில் புதுப் பாகம் போட்டாலும், முதல் நாள் முழுக்க ஒரு ஆள் கதவோரம் இருக்கும் மெயின் சுவிட்ச்சில் கை வைத்து நிற்க வேண்டும். வேறு வேலை கிடையாது. இசக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீங்க சும்மாதான நிக்கிய. மெயின்ல கைய வச்சு நில்லுங்க."

"நானா?"

"ஆமா. லேப்டாப்பப் பாக்கக் கூடாது. இவுக கையத்தான் பாக்கணும். கை உள்ள இருக்கும்போது கத்தி அசைஞ்சா இழுத்துரணும். யோசிக்கக் கூடாது, கேட்டியளா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருட அனுபவம், இந்த மென்பொருளின் பாதி என் கையால் எழுதியது, என்னைப் போய் சுவிட்ச் பக்கத்தில் நிறுத்துகிறாளே என்று. சிரித்துக்கொண்டே போய் நின்றேன். ஏதோ குழந்தைகள் விளையாட்டுக்கு ஒப்புக்கு நிற்பது மாதிரி.

மூன்று தோல் அருமையாக வெட்டி முடிந்தது. நான்காவது தோல் மோசமான தோல். சுடலை போட்ட சாக்கட்டி வட்டங்களே இருபது முப்பது இருக்கும். முதல் துண்டு வெட்டியாயிற்று. பச்சைக் கை வந்தது. அவர் நீவிவிட்டுக் கையை எடுத்தார். இசக்கி அடுத்த துண்டுக்கு அழுத்தினாள். கத்தி அசையவில்லை.

ஐந்து விநாடி போனது. பத்து போனது. கத்தி தலைக்கு மேலே அப்படியே நிற்கிறது. இசக்கி திரையில் நிறுத்து பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு தடவை அழுத்தினாள்.

"நின்னுட்டு போலுக்கு" என்றாள்.

திரையில் பச்சைக் கை பளிச்சென்று இருந்தது. சுடலை அதைப் பார்த்தார். தோலின் ஓரம் சுருண்டிருந்தது. இடது கையை உள்ளே விட்டு அதை இழுத்தார்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் நின்றது, எந்த வரியில் மாட்டியிருக்கும் என்று மனதுக்குள் ஆராய்ந்துகொண்டிருந்தேன். கை பச்சை, ஆகவே பயமில்லை. நான் வரைந்த பச்சை அல்லவா.

கத்தி இறங்கியது.

"இழுங்கம்மா! பந்த் பண்ணுங்க!" இசக்கியின் அலறலைக் கேட்டுத்தான் என் கை அசைந்தது. மெயினை இழுத்தேன். மின்சாரம் போனதும் ஸ்பிரிங் கத்தியை மேலே தூக்கிவிட்டது. இன்னும் அரை விநாடி விட்டிருந்தால் கத்தி வெட்டுக்கோட்டில் நகர ஆரம்பித்திருக்கும், அந்தக் கோடு நான்கு விரல்களுக்கும் குறுக்கே போனது. நான் இழுத்த நேரத்துக்கு ஒரு விரலின் நுனி மட்டும் போனது. ஆட்காட்டி விரல்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, லேசாத்தான் பட்டுருக்கு" என்று சுடலை சொல்லிக்கொண்டே இருந்தார். சாக்கட்டி வட்டங்களின் மேல் ரத்தம் ஓடியது. இசக்கி தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள்.

அறையே இருட்டு. ஆனால் லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறதே, அது அணையவில்லை. அந்த இருட்டில் திரை மட்டும் உயிர்பெற்று, சிறு கட்டம் ஒன்றைக் காட்டியது: நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் இன்னொன்று: நிறுத்தப்பட்டது. மூன்றாவது: நிறுத்தப்பட்டது. இசக்கி மூன்று தடவை அழுத்தியதற்கு மூன்று மரியாதையான பதில்கள்.

என்ன நடந்தது என்பது உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அவளுடைய ஏழு வரியும் எங்கள் நிரலின் வயிற்றுக்குள் ஓடின. மோசமான தோல் என்பதால் தழும்பில்லாத இடத்தைத் தேடித் தேடி நேரமாயிற்று. அது முடியும்வரை எங்கள் நிரலுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. நிறுத்து என்று அவள் அழுத்தியது வரிசையில் காத்திருந்தது. பச்சைக் கையைச் சிவப்பாக மாற்றும் வேலையும் காத்திருந்தது. இடம் கிடைத்தவுடன் வெட்டச் சொல்லும் கட்டளைதான் முதலில் போனது. பெரிய மொழியை வெளியிலிருந்து பாதியில் நிறுத்த அந்த அமைப்பில் வழியே இல்லை. அம்பர்நாத்காரர் கேட்டது இதைத்தான்.

சயானில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இசக்கி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் எழுதுனதுல தப்பா?"

தன் ஏழு வரிதான் புருஷனின் விரலை வெட்டிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்தச் சமயம் பார்த்து என் போன் அடித்தது. எங்கள் மேலாளர்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. ரிப்போர்ட்ல யூசர் ஸ்க்ரிப்ட் எரர்னு போட்டுடுங்கோ. அவா எழுதினதுதானே?"

போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இசக்கி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும். எனக்கே இன்றுவரை தோன்றுகிறது.

மறுநாள் ஆபீசில் அவளுடைய ஏழு வரியையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். தப்பு இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு படித்தேன். இருபது தடவையாவது படித்திருப்பேன். ஒரு தப்பும் இல்லை. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அம்பர்நாத்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அன்னைக்கே சொன்னேனே என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா மேடம்?"

"இல்ல."

"மேசையத் திருப்பிப் போட நான் நாளைக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

போனேன். அதற்கு முன் அறிக்கையில் தவறு எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலாளர் மேசையில் வைத்தேன். அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

காலாவில் சுடலை கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். இசக்கியிடம் சொன்னேன்.

"நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. நிறுத்த வழியில்லாத மொழிய நான்தான் உள்ள வச்சேன். பச்சைக் கையும் என் வேலை."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"பொறவு ரெண்டு நாளா ஏன் சொல்லல? ரெண்டு நாளா நான் இவுக மூஞ்சியப் பாக்க முடியாம கெடக்கேன். சோத்துல கை வைக்க முடியல. தெரிஞ்சும் சும்மா இருந்திய, என்ன?"

சுடலைதான் நடுவில் புகுந்தார். "வுடு. தோல்ல தழும்பப் பாத்துப் பாத்து எனக்கே ஒண்ணு வந்துட்டு" என்று சிரித்தார். இசக்கி சிரிக்கவில்லை. அந்த விரலில் தையல் பிரித்த பிறகும் உணர்ச்சி வரவில்லை. அவர் நடுவிரலால் தோலைத் தடவிப் பழக மாதக்கணக்கில் ஆயிற்று. முதலில் எல்லாம் வட்டங்கள் தப்புத் தப்பாக விழுந்தன.

பெரிய மொழியைப் பிடுங்கி எறிந்தோம். சின்ன மொழியை வைத்தோம். எட்டுப் பக்கக் குறிப்பு எதுவும் எழுதவில்லை. ஒரு தாளில் அம்பர்நாத்காரர் கேட்ட அந்த ஒரே கேள்வியை எழுதி இரண்டு மொழியையும் அதற்குப் பதில் சொல்லவைத்தோம். சின்ன மொழியில் ஸ்க்ரிப்ட் எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்று வெளியிலிருந்து எண்ணலாம். இத்தனை அடிக்கு மேல் போனால் கழுத்தைப் பிடித்து நிறுத்தலாம். அதைத் தனியே ஓடவிட்டோம். கத்திக்குப் போகும் ஒவ்வொரு கட்டளையும், யாராவது நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வைத்தோம். அந்த மொழி யாருக்கும் தெரியாதே, அதில் ஒன்றுமே இல்லையே என்று ஆபீசில் புலம்பல். இருக்கட்டும் என்றேன்.

நான்கு மாதம் கழித்து மறுபடி தாராவி. மேசை திரும்பியிருந்தது, சிவப்புப் பொத்தான் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இசக்கி ஏழு வரியைப் புது மொழியில் எழுதி வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுதி வைத்திருந்தது இரண்டே வரி. எங்கும் முடியாமல் சுற்றிச் சுற்றி வரும் வரிகள். வேண்டுமென்றே எழுதியிருந்தாள்.

"மொதல்ல நிக்குதான்னு பாப்போம். பொறவு ஓடுதான்னு பாப்போம்" என்றாள்.

ஓடவிட்டாள். இரண்டு விநாடியில் நின்றது. மறுபடி ஓடவிட்டு, நடுவில் நிறுத்து பொத்தானை அழுத்தினாள். அழுத்திய கணமே நின்றது. மேசையில் ஒரு பழைய தோல் துண்டைப் போட்டுப் பத்துப் பன்னிரண்டு தடவை இதையே செய்தாள். பிறகுதான் தன் ஏழு வரியைத் திறந்தாள். நான் போன தடவை போலவே மெயின் பக்கம் நகர்ந்தேன்.

"அங்க இல்லம்மா" என்றாள். "இவுக மெயின்ல நிக்கட்டும். நீங்க வந்து தோலப் புடிங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசைப் பக்கம் வந்தேன். எத்தனை சோதனை செய்திருந்தோம், ஆபீசில் எத்தனை நாள் ஓட்டியிருந்தோம். ஆனாலும் அந்தக் கத்திக்கு அடியில் என் கையை வைக்கச் சொன்னதும், நான் எழுதிய ஒவ்வொரு வரியும் சந்தேகமாகிவிட்டது. வேலை பார்த்த அத்தனை வருடங்களில் என் நிரலை நான் இப்படிப் பயந்துபோய் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இடது கையை உள்ளே விட்டுத் தோலின் ஓரத்தைப் பிடித்தேன். கத்தி தலைக்கு மேலே நின்றது. இசக்கி லேப்டாப்பில் விரலை வைத்துக் காத்திருந்தாள். கதவோரம் சுடலை மெயினைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு விரல் குட்டையான கை. லேப்டாப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் குறிப்பில் ஒன்பதாவது பக்கம் ஒன்று சேருங்கள். எந்த மொழியை வேண்டுமானாலும் எடுங்கள், முதல் வெட்டுக்குத் துணியைப் பிடிக்கப்போகிறவரின் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். அது உங்கள் ஆறு பேரில் ஒருவருடைய பெயராக இருக்க வேண்டும்.